செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் கார் ஆர்வலர் சங்கத்தின் உறுப்பினர்கள் 64 பேர். இன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டிருப்பவர்கள் 19 பேர். கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) சேராததால் அரை மணி நேரம் காத்திருந்து, விதிப்படி இதையே ஒத்திவைக்கப்பட்ட கூட்டமாகக் கருதி நடத்துகிறோம்.

இந்த ஆண்டில் செயற்குழு 6 முறை கூடியது. ஆகஸ்டில் ரத்ததான முகாம் நடைபெற்றது. ஆயுத பூஜையன்று உறுப்பினர்களின் வண்டிகளுக்கு வழக்கம்போல் பூஜை போடப்பட்டது. ஏலகிரிக்குக் குடும்பச் சுற்றுலா சென்று வந்தோம். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் ஜூலையிலும் பிப்ரவரியிலுமாக இரண்டு டிராக் டே, அதாவது உறுப்பினர்கள் தம் சொந்தக் காரை ஓடுதளத்தில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள், நடத்தினோம்.

ஜூலையில் நடந்ததைப் பற்றிச் சங்கத்துக்குள் இதுவரை ஒரு தரப்பின் கதை மட்டுமே உலவி வருவதால், அதைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய விரும்புகிறேன். அன்று மதியத்துக்குப் பின் நம் உறுப்பினர் ஒருவரின் கார், நேர்ப்பாதை முடிந்து வரும் வளைவில் பிரேக் பிடிக்கத் தாமதித்ததால் டயர்ச் சுவரில் மோதியது. இறைவன் அருளால் அவருக்குக் காயம் எதுவும் இல்லை. காரின் முன்பக்கம், ரேடியேட்டர், வலது பக்க விளக்கு ஆகியவை போயின. மறுநாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்து, ஓடுதள விபத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது என்பதால், விபத்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம் அருகே, குறுக்கே வந்த மாட்டைத் தவிர்க்க முயன்றபோது நடந்தது என்று சங்கத்தின் கடிதத்தாளில் எழுதித் தருமாறு கேட்டார். நான் மறுத்துவிட்டேன். ‘இதெல்லாம் எல்லாரும் செய்வதுதானே’ என்று செயற்குழுவிலேயே இருவர் சொன்னதையும் இங்கு பதிவு செய்கிறேன்.

கடிதம் இல்லாமலே அவர் கிளெய்ம் போட்டார். பணிமனைக்கு, சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தபோது நானும் உடன் இருந்தேன். அந்த இளைஞர் அதிகம் பேசவில்லை. உடையாத இடது விளக்கின் கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்து, டிராக் டேயில் கண்ணாடி உடைந்து சிதறாமலிருக்க ஒட்டும் டேப்பின் பிசினை உருட்டி எடுத்தார். பிறகு பம்பரின் இடுக்கில் சிக்கியிருந்த பழைய டயரின் துண்டு ஒன்றை இழுத்து வெளியே வைத்தார். கடைசியாகப் பின்கதவைத் திறந்து, அதில் பாதி உரித்த நிலையில் இருந்த 17 என்ற எண்ணைக் காட்டி, “இது என்ன சார்?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எங்கள் இருவரிடமும் ஒன்றும் இல்லை. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அந்த உறுப்பினர் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை, சந்தாவும் செலுத்தவில்லை. இரண்டில் சங்கத்துக்கு நேரடியான இழப்பு இரண்டாவதுதான்.

இதன் பின்னரே, டிராக் டேக்கு முறையான இன்சூரன்ஸ் பெற வழி உண்டா என்று பார்க்கும் பொறுப்பை நானாக ஏற்றுக்கொண்டேன். ‘செயலாளர் சங்க வேலையை விட்டுவிட்டுப் பாலிசி படித்துக்கொண்டிருக்கிறார்’ என்று பேசப்பட்டது என் காதுக்கும் எட்டியது. படித்ததன் பயனை மட்டும் கூறுகிறேன்.

நம் எல்லோரிடமும் உள்ள கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்று ஒரு பத்தி உண்டு. ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகச் சோதனை ஓட்டம் (வண்டி பழுதின்றித் தாங்குகிறதா என்று பார்க்கும் ஓட்டம்) ஆகியவற்றுக்குக் காரைப் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்பது அதில் உள்ளது. நாம் நடத்துவது பந்தயமல்ல, பரிசில்லை, முதலிடம் இரண்டாமிடம் இல்லை, ஆகவே இது நமக்குப் பொருந்தாது என்று சில உறுப்பினர்கள் வாதிடுகிறார்கள். கைப்பேசியில் சுற்றுக்குச் சுற்று நேரம் பார்த்து, அதைக் குழுவில் படம் எடுத்துப் போடுபவர்களும் அவர்களேதான். பந்தயம் என்ற சொல்லிலிருந்து தப்பினாலும் வேகச் சோதனை என்ற சொல் அதே பத்தியில் காத்திருக்கிறது. பம்பர் டு பம்பர், எஞ்சின் பாதுகாப்பு என்று கூடுதல் பணம் கட்டி வாங்கியவையும் அடிப்படைப் பாலிசியின் மேல் நிற்பவை என்பதால், அது விழும் இடத்தில் இவையும் விழுந்துவிடும். மூன்றாம் நபர் இழப்பீட்டிலும் இதே நிலைதான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு, நிறுவனம் தன் பொறுப்பை மறுக்க எடுத்துவைக்கக்கூடிய காரணங்களில் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது.

இடையில் ஒரு நாள் எனக்குப் பெரும் மகிழ்ச்சி ஏற்பட்டதையும் மறைக்க விரும்பவில்லை. 2002ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதித் தொகுப்பில், நம்பகச் சோதனை ஓட்டங்களுக்கும் ராலிகளுக்கும் கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு பாலிசியை நீட்டிக்கும் 31ஆம் எண் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியுடன் சேர்க்கப்படும் இணைப்பு வாசகம்) இருப்பதைக் கண்டு, இரவு பதினொரு மணிக்குத் தலைவர் அவர்களைத் தொலைபேசியில் எழுப்பினேன். மறுநாள் முழு வாசகத்தையும் படித்தபோது, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இது பொருந்தாது என்று அதன் நடுவிலேயே எழுதியிருந்தது. தலைவர் அவர்களின் உறக்கத்தைக் கெடுத்ததற்கு இந்த அவையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிரிட்டனில் டிராக் டேக்கென்றே ஒரு நாள் பாலிசி விற்கிறார்கள் என்று அங்கிருக்கும் மகன் மூலம் அறிந்து, அதன் நகலுடன் இங்குள்ள நிறுவனங்கள் சிலவற்றுக்கு எழுதினேன். பெரும்பாலானவை பதிலே அனுப்பவில்லை. பதில் தந்தவையும் காரின் சேதத்துக்குப் பொறுப்பேற்க இயலாது என்றே தெரிவித்தன.

கிடைத்தது, கலந்துகொள்வோருக்கான ஒரு நாள் குழு தனிநபர் விபத்துப் பாலிசி. டிராக் டே என்று வெளிப்படையாக எழுதி, ஹெல்மெட், ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஏற்பாடு, வண்டிச் சோதனை ஆகியவற்றின் விவரத்தையும் இணைத்துக் கொடுத்த பிறகே, அதை ஏற்று நிறுவனம் எழுத்துமூலம் ஒப்புதல் தந்தது. பிப்ரவரி நிகழ்ச்சி அந்தப் பாதுகாப்புடன் நடைபெற்றது. கார் அதில் அடங்காது, ஓட்டுநர் மட்டுமே அடங்குவார் என்பதை மீண்டும் சொல்லி வைக்கிறேன். மருத்துவக் காப்பீட்டைப் பொறுத்தவரை, சாகச விளையாட்டு விலக்கின் வாசகம் மோட்டார் பந்தயத்தைக் குறிப்பிட்டாலும், அதைத் தொழிலாகச் செய்பவர்களைப் பற்றியே பேசுகிறது. ஆயினும் ஒவ்வொருவரும் தம் பாலிசியைத் தாமே படித்துக்கொள்வது நல்லது. சர்வேயர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

இந்தப் பாலிசிக்காகப் பெயர், பிறந்த தேதி, நாமினி ஆகிய விவரங்களைப் பத்து நாள் முன்பாகத் தர வேண்டும். மூன்று முறை நினைவூட்டியும், பிப்ரவரி நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த 38 பேரில் 11 பேர் நாமினி கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஒருவர் ‘பிறகு’ என்று எழுதியிருந்தார். மற்றொருவர் தம் காரின் பெயரை எழுதியிருந்தார். அவர்களின் இல்லத்தரசிகளை நானே தொலைபேசியில் அழைத்து முழுப்பெயர் கேட்டபோது, டிராக் டே என்றால் என்ன என்று அவர்களில் இருவர் என்னைக் கேட்டதனால் ஏற்பட்ட பின்விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல.

காரின் சேதத்துக்காகத் தலைக்கு 3,000 ரூபாய் வசூலித்துப் பொது நிதி அமைக்கலாம் என்று சென்ற செயற்குழுவில் முன்மொழிந்தேன். பிரீமியம் போல் பணம் வாங்கிக்கொண்டு இழப்பீடு தருவதாக உறுதி கூறினால், அது 1938ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டப்படி பதிவு பெறாமல் இன்சூரன்ஸ் தொழில் நடத்துவதாகிவிடும் என்று நம் தணிக்கையாளர் எச்சரித்தார். ஆகவே உறுதி எதுவும் கூறாமல், உறுப்பினர்கள் விரும்பி அளிக்கும் நன்கொடையிலிருந்து, செயற்குழு விரும்பினால் வழங்கும் உதவியாக மட்டுமே இதை வைத்துக்கொள்ள இயலும். இதுவரை சேர்ந்த நன்கொடை என்னுடையதும் தலைவருடையதும்தான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் முன்வைப்பார். வரவு ஏறக்குறைய சென்ற ஆண்டைப் போன்றதே. ஓடுதள வாடகையும் ஆம்புலன்ஸ் கட்டணமும் உயர்ந்ததால் கையிருப்பு சற்றுக் குறைந்துள்ளது. ஆண்டுச் சந்தா 2,000 ரூபாயை 27 பேர் இன்னும் செலுத்தவில்லை. பெயர்களைப் படிக்கப் போவதில்லை, அவர்கள் இங்கு இல்லை.

பிப்ரவரி நிகழ்ச்சியில் வெயிலில் நின்று கொடி அசைத்த இளைஞர்களுக்கும், மீட்பு வண்டியைச் சலுகை வாடகைக்கு அனுப்பிய நண்பருக்கும், இந்த அரங்கத்தைத் தந்த நிர்வாகத்தினருக்கும் நன்றி.

அடுத்த டிராக் டே ஜூலை மாதத்தில் நடத்தத் திட்டமிடப்பட்டுள்ளது. பாலிசியை மீண்டும் பெற்றுத் தர நிறுவனம் இசைந்துள்ளது. குறைந்தது 30 பெயர்கள் வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. கடந்த ஓராண்டில் என் மூக்குக்கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது, பாலிசிகளின் எழுத்தளவோ கூடுவதாகத் தெரியவில்லை. எனவே இந்தப் பணியை இளைய உறுப்பினர் ஒருவர் ஏற்க முன்வந்தால், கோப்பு முழுவதையும் ஒப்படைக்கச் சித்தமாக இருக்கிறேன். எவரும் முன்வராவிட்டால் நானே தொடர்வதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் அந்த 30 பெயர்களை நான் வீடு வீடாகச் சென்று வாங்க இயலாது. படிவங்கள் காப்பி வைத்திருக்கும் மேசையில் உள்ளன. நாமினியின் முழுப்பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஜூலையில் மோதிய அந்த உறுப்பினருக்கும் ஒரு படிவத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்