செல்விக்கு, முறுக்கு டப்பாவோடு ஒரு கடிதம்

ரங்கூன்
வெள்ளிக்கிழமை, கரண்ட் இல்லாத நேரம்

செல்வி,

திட்டாதே. எட்டு மாசமா ஒரு வரி எழுதலைதான். பெரியத்தை சென்னைக்கு வர்றாங்க, அவங்க கையில கொடுத்து விடுறேன். போன்ல எழுத மனசு வரலை, ஏன்னு கீழே படிச்சா தெரியும். இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால்தான் வலி, வாய்க்கு ஒண்ணும் இல்லை. உன் மாமியார் எப்படி? அதுக்குப் பதிலைப் பெரியத்தைகிட்ட வாயால சொல்லி அனுப்பு, எழுதி மாட்டிக்காதே.

முதல்ல ஒரு மன்னிப்பு. 2020 ஜூன் 29 அன்னைக்கு உங்க சர்க்கார் டிக்டாக்கோட சேர்த்து 59 ஆப்பைத் தடை பண்ணினப்போ நீ அழுதுகிட்டே கூப்பிட்டே. வியாசர்பாடி வீட்டு மொட்டைமாடியில சுங்குடிச் சேலையை விரிச்சு நீ போட்ட பதினஞ்சு செகண்ட் வீடியோவுக்குத்தான் சேலத்துல இருந்தெல்லாம் ஆர்டர் வந்துச்சு. நான் என்ன சொன்னேன்? "ஆட்டம் போட்டது போதும்டி, வேலையைப் பாரு." சிரிக்க வேற செஞ்சேன். ஏழு மாசம் ஆச்சு, 2021 பிப்ரவரி 4, என் தலையில விழுந்துச்சு. இங்க ஆட்சியைப் பிடிச்ச ராணுவம், ஏழாம் தேதி வரைக்கும்தான் ஃபேஸ்புக் இருக்காதுன்னு சொல்லுச்சு. அந்த ஏழாம் தேதி இன்னும் வரலை.

இங்க அது வெறும் ஆப் இல்லைன்னு உனக்கு நான் சொல்லணுமா? லட்சக்கணக்குல வித்த சிம் கார்டு 2014-ல 1,500 கியாட்டுக்கு இறங்கினப்போ, போன் கடைக்காரனே கணக்கு திறந்து கையில கொடுத்தான். பாதி ஜனத்துக்கு இன்டர்நெட்டுக்குப் பேரே ஃபேஸ்புக்தான். என் முறுக்கும் மிக்சரும் பருப்புப்பொடியும் அங்கதான் வித்துச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு லைவ், காலையில ஆங் மிங்கலா பஸ் நிலையத்துல பார்சல்.

தடைக்கு அப்புறம் எல்லாரும் விபிஎன் போட்டுக்கிட்டாங்க, அதான் வேற நாட்டு வழியா சுத்திப் போய்த் தடையைத் தாண்ட வைக்கிற ஆப். சரி, தப்பிச்சோம்னு நினைச்சேன். ஆனா கூத்தைக் கேளு: விபிஎன் போட்டா நம்ம ஜனங்க எல்லாம் சிங்கப்பூர்ல உக்காந்திருக்கிற மாதிரி காட்டும். ரங்கூன்காரங்களுக்குன்னு காசு கட்டி நான் போட்ட விளம்பரம் ரங்கூன்ல யாரையும் தேடிக் கண்டுபிடிக்கலை. அவங்களுக்கோ சிங்கப்பூர் வீட்டு விளம்பரம்! எதிர்வீட்டு அக்கா, "பதினஞ்சு லட்சம் டாலர்ல பிளாட் இருக்காம், வாங்கட்டுமா?"ன்னு கேக்குறாங்க.

பழைய ஆளுங்க வைபருக்கும் டெலிகிராமுக்கும் வந்துட்டாங்க, அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் இழந்தது என்னை முன்பின் தெரியாத ஆளுங்களைத்தான். பாஅன்ல டீக்கடை வச்சிருக்கிற கரென்காரம்மா ஞாபகம் இருக்கா? நடுராத்திரி தூக்கம் வராம போனைத் தள்ளிக்கிட்டே போனவங்க கண்ணுல என் கைமுறுக்கு பட்டுச்சு. முறுக்குன்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாது. மாசம் முப்பது பாக்கெட் வாங்கினாங்க. வைபர் குரூப்புல அப்படி ஒருத்தர் எப்படி வழிதவறி வந்து நிப்பாங்க சொல்லு? என்னை ஏற்கெனவே தெரிஞ்சவங்கதான் அங்க இருக்காங்க. தெரிஞ்சவங்க கடன் சொல்லுவாங்க.

ஃபேஸ்புக்கை நான் புனிதப்படுத்தலை. வெறுப்பைப் பரப்புறதுக்கு அதைப் பயன்படுத்தினப்போ போதுமான அளவு தடுக்கலைன்னு அவங்களே 2018-ல ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் நம்ம மாதிரி இந்திய வம்சத்து ஆளுங்களைத் திட்டுற 'கலா'ங்கிற வசவைத் தடுக்கிறோம்னு போய், பாவம், கலாபேன்னு சொல்ற கடலைப்பருப்பையும் சேர்த்து அழிச்சாங்களே! நம்மளைத் திட்டினவன் வேற எழுத்துக்கூட்டி திட்டிக்கிட்டே இருந்தான், கடலைப்பருப்பு மாட்டிக்கிச்சு. நாம ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா அன்னைக்குப் பொட்டு இல்லாமதான் நான் மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன். இது உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்லை.

இப்ப நடந்தது. 2024 நடுவுல விபிஎன்னையும் அடைக்க ஆரம்பிச்சாங்க. 2025 ஜனவரி 1 அன்னைக்குச் சட்டமே போட்டாங்க, அனுமதி இல்லாம விபிஎன் சேவை நடத்தினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். நடத்துறவங்களுக்குத்தானே, நமக்கு என்னன்னு இருந்தேன். போன வாரம் பார்சல் போடப் போன பெரியவளைத் தெருமுனையில மறிச்சு போனை வாங்கிப் பார்த்திருக்காங்க. விபிஎன் இருந்துச்சு. கையில இருந்த முறுக்குக் காசு மொத்தத்தையும் கொடுத்துட்டு வந்தா. வீட்டுக்கு வந்தவ அழலை, செல்வி. கையைக் கழுவிக்கிட்டே இருந்தா. அண்ணன் மகன் எல்லை தாண்டி தாய்லாந்து மேசோட்டுக்குப் போய்ட்டான், இப்ப எனக்கு வெளியில போய் வர இவ ஒருத்திதான்.

அன்னைக்கு ராத்திரியே பேஜை மூடிட்டேன். மூடுறதுக்கு முன்னாடி மெழுகுவத்தி வெளிச்சத்துல ஒவ்வொரு நம்பரா நோட்டுல எழுதினேன், 212 பேர். அம்மா பக்கத்துல உக்காந்து, "1964-ல சர்க்கார் கடைகளை எல்லாம் எடுத்துக்கிட்டப்போ உங்க தாத்தா கையிலயும் கணக்கு நோட்டு ஒண்ணுதான் மிஞ்சுச்சு"ன்னாங்க. இந்த நேரத்துல சொல்ற பேச்சா இது!

அமெரிக்காவுல 2025 ஜனவரியில டிக்டாக் ஒரு நாள்கூட முழுசா நிக்கலை, அதுக்கே அத்தனை ஒப்பாரி. பார்த்துக்கிட்டு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் 2020-ல சிரிச்சது ஞாபகம் வந்து வாயை மூடிக்கிட்டேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உன் டிக்டாக் ஆளுங்கள்ல எத்தனை பேர் உன்னைத் தேடித் திரும்பி வந்தாங்க? உள்ளதைச் சொல்லு. என்னைத் தேத்துறதுக்காகக் கூட்டிச் சொல்லாதே.

உன் நெட்டச்சி

பி.கு.: முறுக்கு உடைஞ்சிருந்தா பெரியத்தையைக் கேளு. எண்ணிக்கை குறைஞ்சாலும் அவங்களையே கேளு. நாற்பது வச்சேன். டப்பா எனக்குத் திரும்ப வேணும்.