பாராட்டு சரி, கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு சோலார் துறையில் பெயரெடுத்த லின் ஜூரிச் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2007-ல் அமெரிக்காவின் சன்ரன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பாராட்ட வேண்டியவர்தான். ஆனால் அவர் கண்ட கனவுக்கும் பட்ட பாட்டுக்கும் கொடுத்த இடத்தில் பாதியாவது, அவர் போட்ட கணக்குக்குக் கொடுத்திருக்கலாம். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்ணுக்கு வேண்டியது அதுதான்.

பேனலை வீட்டுக்காரரிடம் விற்பதை விட்டுவிட்டு, கம்பெனியே தன் செலவில் கூரையில் மாட்டி, 20, 25 வருட ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் பணம் வாங்குவது என்பதுதான் அந்தக் கணக்கு. வீட்டுக்காரருக்கு முதல் போடும் சுமை இல்லை. 2015-ல் சன்ரன் நாஸ்டாக் பங்குச் சந்தைப் பட்டியலுக்குப் போனதும், 2020-ல் போட்டி நிறுவனமான விவிண்ட் சோலாரை வாங்கியதும் இதை வைத்துத்தான். 2021-ல் தலைமைப் பொறுப்பை அவர் மேரி பவலிடம் ஒப்படைத்தார். பொறுப்பு ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போனதை ஏனோ நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செலவு இன்றே, வரவோ வருடக்கணக்கில் என்பதால் எல்லாம் வட்டியைப் பொறுத்தது. வருடம் 1,000 வீதம் 20 வருடம் வரப்போகும் வருமானத்துக்கு, வட்டி 4 சதவீதம் என்றால் இன்றைய மதிப்பு சுமார் 13,590. வட்டி 8 ஆனால் அது 9,818. கூரையில் ஒரு பேனலும் குறையவில்லை. மதிப்பில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. 2022 முதல் அமெரிக்காவில் வட்டி ஏறியபோது வீட்டு சோலார் நிறுவனங்கள் ஆட்டம் கண்டதற்கு இது பெரிய காரணம். 2023 ஏப்ரலில், வீட்டு சோலாரிலிருந்து கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கட்டமைப்புக்கு, திருப்பித் தரும் மின்சாரத்துக்கான மதிப்பைக் கலிஃபோர்னியா வெகுவாகக் குறைத்தது இன்னொரு அடி. 2024 ஆகஸ்டில் சன்பவர் என்ற அமெரிக்க சோலார் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

சிறிய அளவில் தொடங்குபவர் தன் செலவில் மாட்டி மாதாமாதம் வாங்கும் வழிக்குப் போக முடியாது; பேனலை விற்று, மாட்டி, பணம் வாங்குவார். அவருக்குக் கூரையும் வயரும்தான் தொழில். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 540 வாட் பேனல் ஒன்றின் ஓபன் சர்க்யூட் வோல்டேஜ், அதாவது எதற்கும் மின்சாரம் கொடுக்காதபோது அதில் இருக்கும் வோல்டேஜ், 49.5 என்று வைத்துக்கொள்வோம். 12 பேனலை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையாக (ஸ்ட்ரிங்) கோத்தால் 594 வோல்ட். பேனல் தரும் நேர் மின்சாரத்தை (டிசி) வீட்டுக்கான மாறு மின்சாரமாக (ஏசி) மாற்றும் இன்வெர்ட்டரின் உச்சவரம்பு 600 வோல்ட்; சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 49.5 என்பது 25 டிகிரியில் அளந்தது. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் வோல்டேஜ் சுமார் 0.27 சதவீதம் கூடும். 5 டிகிரி குளிரில் விடியும் ஒரு காலையில் அதே ஸ்ட்ரிங் 626 வோல்ட்டைத் தொடும். வெயில் ஏறிப் பேனல் சூடாவதற்குள் இன்வெர்ட்டர் பழுதாகிவிடலாம். பல இன்வெர்ட்டர்கள் அந்த உச்ச வோல்டேஜைப் பதிவு செய்து வைத்திருப்பதால் வாரண்டியும் கிடைக்காது. 11 பேனலாக்கினால் அதே குளிரில் 574-தான் வரும். இந்தப் பெருக்கலைப் போடாமல் கொட்டேஷன் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அடுத்த தவறு, செலவை மிச்சம் பிடிக்க பேனலிலிருந்து வரும் டிசி பக்கத்தில், ஏசிக்கென்று செய்த எம்சிபியை (கோளாறு வந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) போடுவது. ஏசி மின்னோட்டம் வினாடிக்கு 100 முறைக்குக் குறையாமல் பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், ஸ்விட்சைத் திறக்கும்போது எழும் பொறி அணைந்துவிடும். டிசியில் அந்த இடைவெளியே இல்லை. ஸ்விட்சைத் திறந்த பிறகும் பொறி நின்று எரியும், பெட்டி உருகும். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஒரு பக்கம் ஒரு கம்பெனி, மறுபக்கம் வேறு கம்பெனி என்று சொருகுவதும், வயர் முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் அதே ரகம். முதல் நாள் நன்றாக வேலை செய்யும், போகப்போகச் சூடேறும்.



"ஆண்களின் துறையில் ஒரு பெண்" என்ற உங்கள் துணைத் தலைப்புக்கு வருகிறேன். பெண்கள் கூரை வேலைக்கு ஆகாது என்பவர்கள் சொல்லும் காரணம் எடை. அந்த 540 வாட் பேனல் சுமார் 28 கிலோ, நீளம் 2.3 மீட்டர். அதை ஒருவர் தனியாகத் தூக்குவதே தவறு. காற்றடித்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். யாராக இருந்தாலும் இரண்டு பேர்தான் தூக்க வேண்டும். உண்மையான இடைஞ்சல் வேறு: பாதுகாப்பு பெல்ட் பெரும்பாலும் ஆண்களின் அளவில்தான் வாங்கி வைக்கப்படுகிறது. தொடைப் பட்டை தொளதொளவென்று இருந்தால், விழும்போது அது தாங்காது, உடல் நழுவும். பெண்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் முதலில் சின்ன சைஸ் பெல்ட்டும் கையுறையும் வாங்கட்டும். மகளிர் தினத்துக்குக் கேக் பிறகு வெட்டலாம்.

ஆர்டர் இல்லாமல் மூடுவதைவிட, ஆர்டர் நிறைய இருக்கும்போதே மூடும் சோலார் கம்பெனிகள்தான் வருத்தம் தருபவை. பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் முன்பணம் கட்ட வேண்டும். வாடிக்கையாளரின் கடைசித் தவணையோ மீட்டர் மாற்றி இணைப்பு கொடுத்த பிறகுதான் வரும். பத்து வீட்டில் இப்படி நின்றால் பதினோராவது வீட்டுக்குப் பேனல் வாங்கப் பணம் இருக்காது. அதோடு, பேனலுக்கு 25 வருட உற்பத்தி வாரண்டி என்று விற்றாலும் இன்வெர்ட்டருக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 வருடம்தான். இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். பழுதான பேனலுக்குப் பதில் பேனல் வந்தாலும், கழற்றி மாட்டும் கூலியை அநேகமாக யாரும் தருவதில்லை. இதையெல்லாம் விலையில் சேர்க்காதவர் மூன்றாம் வருடம் போனை எடுக்கமாட்டார்.

பேட்டரி இல்லாத சாதாரண கிரிட் இணைப்பில், கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இதை விற்பனையின்போதே சொல்லாவிட்டால், முதல் மின்வெட்டன்றே ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பும்.

அடுத்த முறை இந்தத் துறைப் பெண் ஒருவரைப் பேட்டி எடுக்கும்போது, வேலை முடித்துக் கொடுக்கும் கோப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஸ்ட்ரிங் வரைபடம், பேனல்களின் சீரியல் எண்கள், எர்த்திங் அளவீடு, கண்காணிப்புச் செயலியின் பாஸ்வேர்ட் ஆகியவை வீட்டுக்காரர் கையில் இருக்கின்றனவா, கம்பெனியின் மின்னஞ்சலில் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பெனி மூடினால் அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் அதை வைத்துத்தான் வேலையைத் தொடங்க முடியும்.

இப்படிக்கு,
சோலார் வடிவமைப்புப் பணியில் உள்ள வாசகர்