எதிரணிக்கும் கைதட்ட விரும்புகிறோம்: விளையாட்டுத் துறை அமைச்சருக்கு மாணவர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
எட்டாம் வகுப்பு மாணவ மாணவியர்

பெறுநர்:
மாண்புமிகு விளையாட்டுத் துறை அமைச்சர் அவர்கள்

பொருள்: பரம எதிரிகளாகப் பேசப்படும் இரண்டு கால்பந்து கிளப்புகள் மோதும் ஆட்டங்களில் நல்ல விளையாட்டுப் பண்பை வளர்க்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரு கிளப்பின் ரசிகர்கள், மீதிப் பேர் இன்னொரு கிளப்பின் ரசிகர்கள். கேலி, கிண்டல் எல்லாம் சரி, அது எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் போன ஆட்டத்துக்கு மறுநாள், தோற்ற அணியின் ஜெர்சியில் வந்த ஆறாம் வகுப்புப் பையனைச் சிலர் சுற்றி நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள். வீரர் ஒருவரின் அம்மாவைத் திட்டும் பாட்டு அது. முதல் நாள் மைதானத்தில் பெரியவர்கள் பாடியதுதான். அவன் அழுதுகொண்டே ஜெர்சியைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். பாடியவர்களில் எங்கள் வகுப்புக்காரர்களும் உண்டு. அவர்களும் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு எங்கள் ஆட்டங்களுக்கு ஒரு விதி வைத்தோம். ஆட்டம் முடிந்ததும் எதிரணியில் நன்றாக ஆடிய ஒருவர் பெயரை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் முனகினார்கள். இப்போது ஆடும்போதே எதிரணியைக் கவனிக்கிறோம், சொல்வதற்குப் பெயர் வேண்டுமே!

தொழில்முறை வீரர்களாலும் இது முடியும். 2000 டிசம்பரில் இங்கிலாந்தின் எவர்ட்டன், வெஸ்ட் ஹாம் அணிகள் 1-1 என்று சமநிலையில் இருந்தன. கடைசி நேரம். எவர்ட்டன் கோல்கீப்பர் காயம்பட்டுக் கீழே கிடக்க, பந்து வெஸ்ட் ஹாமின் பாவ்லோ டி கானியோவைத் தேடி வந்தது. அவர் கோல் அடிக்க முயலாமல் பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். எவர்ட்டன் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இதே டி கானியோதான் 1998-இல் நடுவரைத் தள்ளிவிட்டு 11 ஆட்டங்களுக்குத் தடை வாங்கியவர்! எங்களுக்கு அதுதான் பெரிய நம்பிக்கை.

எதிரணி ரசிகர்களை உள்ளே விடாமல் தடுத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங்கில் அப்படித்தான் எதிரணியான பெர்செபயாவின் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. சொந்த ஊரில் தோற்ற அரேமா அணியின் ரசிகர்கள் களத்துக்குள் இறங்க, போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, வாசல் நெரிசலில் 135 பேர் இறந்தார்கள். அதில் சிறுவர்களும் நிறைய. தயவுசெய்து எதிரணி ரசிகர் என்பதற்காக யாரையும் வெளியே நிறுத்தாதீர்கள்.

கிளப்புகளுக்கு நீங்கள் நேரடியாக உத்தரவு போட முடியாது என்று ஆசிரியர் சொன்னார். ஆனால் நீங்கள் கூப்பிட்டால் இரண்டு நிர்வாகமும் ஒரே மேசையில் உட்காரும். வீரர்களின் கைபிடித்துக் களத்துக்குள் நடக்கும் குழந்தைகள், அடுத்த ஆட்டத்தில் தங்கள் அணி ஜெர்சியோடு எதிரணி வீரரின் கையைப் பிடித்து வரட்டும். ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டன்களும் சேர்ந்து நின்று ரசிகர்களிடம் பேசட்டும். அப்புறம், குடும்பத்தையும் நிறத்தையும் இழுத்துத் திட்டுபவர்களை, அவர்கள் எந்த அணி ரசிகர்களாக இருந்தாலும், வெளியே அனுப்ப வேண்டும். இவற்றுக்கு நீங்கள் ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

களத்துக்குள் நடக்க அந்த ஆறாம் வகுப்புப் பையனும் பெயர் கொடுத்திருக்கிறான். எந்த அணி வீரர் என்றாலும் சரி என்கிறான்.

இப்படிக்கு,
இரண்டு அணிகளின் ரசிகர்களான மாணவ மாணவியர்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல்