சின்னவனுக்கு, அக்கா எழுதுவது

சின்னவனே,

உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பேர் போடாமல் எழுதினால் சரி என்றாய்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தியில் நீ இலை எடுத்துக்கொண்டிருந்தாய். "ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாதானே? பெரியவன் மறுநாளே கடையத் திறந்துட்டான், இவன் என்ன இன்னும் மூலையில உக்காந்திருக்கான்?" என்று ஒரு சொந்தக்காரர் எல்லோர் காதிலும் விழக் கேட்டார். மடித்த இலையோடு அப்படியே நின்றாய். நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அடுத்த மாதம் போனில் நானே சொன்னேன்: "அண்ணனப் பாத்துக் கத்துக்கடா."

அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

அதற்குப் பிறகுதான், ஒரே இழப்பு ஒருவரை மட்டும் ஏன் இப்படிச் சாய்க்கிறது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 7,500-க்கும் மேற்பட்ட இரட்டையர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. எதற்கும் சட்டென்று கலங்குகிற, கவலை சீக்கிரம் தொற்றிக்கொள்கிற சுபாவத்தை நியூராட்டிசிசம் என்கிறார்கள். நம்மூர்ச் சுவர்களில் எழுதியிருக்கும் நரம்புத் தளர்ச்சி இல்லை, இது வேறு. அந்தச் சுபாவம் கூடுதலாக உள்ளவர்களை, அதே அளவு கஷ்டமே மனச்சோர்வில் தள்ளும் வாய்ப்பு அதிகம் என்று அதில் தெரிந்தது. நீ சின்ன வயதிலேயே பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவன். பரீட்சை முடிந்தும் கேள்வித்தாளை மடித்து வைக்காதவன். அது குற்றமில்லை. இந்தக் குடும்பத்தில் கணக்கு தப்பாமல் இருந்ததே அதனால்தான்.

இன்னொன்று, உன்னை நினைத்துக்கொண்டே படித்தது. 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம். அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் கேட்டுப் பதிவு செய்திருந்தார். ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோது, நடந்ததையே உள்ளுக்குள் அரைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம்தான் மனச்சோர்வு அதிகம் தங்கியிருந்தது. உனக்கு அந்த அரைப்பு ஒரே வரியில். "வாயு மாதிரி நெஞ்ச அடைக்குதுடா" என்று அப்பா ராத்திரி சொன்னார். "காலைல பாத்துக்கலாம்ப்பா" என்றாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், சின்னவனே. அப்பாவுக்கு வாரம் ஒரு தடவை வாயு வரும்.

சரி, பெரியவன் கல்லு மனசுக்காரனா? 2020-ஐ நினைத்துப் பார். ஊரடங்கில் கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, மல்லியை வாங்க ஆளில்லை, நம்ம கமிஷன் கடை பூட்டிக் கிடந்தது. அப்போது சுவரைப் பார்த்துப் படுத்தவன் பெரியவன்தான். நாலு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீதான் பக்கத்தில் உட்கார்ந்து அவனைச் சாப்பிட வைத்தாய். சிலருக்கு உயிர் உறவில், சிலருக்கு உயிர் தன் உழைப்பில், எது உடைகிறதோ அதற்கு ஏற்றவர் விழுவார் என்று ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1983-லேயே எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் இது அச்சு அசலாகப் பொருந்துமா, தெரியாது. நம் வீட்டில் பொருந்துகிறது.

அம்மா சொன்ன ஒரு விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. "இன்னும் மூணு மணிக்கு முழிச்சுக்கிறான், மாட்டுத்தாவணிக்குப் போன பழக்கம் விடல." நீ மார்க்கெட்டுக்குப் போய் அஞ்சு மாதமாகிறது. அந்த நேரத்தில் முழித்துவிட்டு மறுபடி தூக்கம் வராமல் கிடப்பது மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கும். பூக்காரர் வீடு என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் இப்படி நீடித்தாலே டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள், நாம் மாதக் கணக்கில் விட்டுவிட்டோம். சுபாவம் ஓரளவு கூடப் பிறந்ததுதான், ஆனால் மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. அந்த அரைப்பை நிறுத்தப் பழக்கித்தரும் பேச்சு சிகிச்சையும் உண்டு.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போவோம். சீட்டு வாங்க நான் நிற்கிறேன், நீ உட்கார்ந்துகொள். அதற்குள் ராத்திரியில் முடியாமல் போனால் என்னைக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் 14416, அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பெரியவனிடம் சொன்னேன். அன்றைக்குக் கடையை ஆளிடம் விட்டுவிட்டுத் தானும் வருகிறேன் என்கிறான்.

அக்கா