குளிசை வாங்க முதல்

வெள்ளவத்தை

அன்பின் பிள்ளைக்கு,

மலச்சிக்கலுக்குப் புரோபயாட்டிக், அதான் நல்ல கிருமி அடைச்ச குளிசைப் படம் அனுப்பி வாங்கட்டோ எண்டு கேட்டாய். முன்பக்கத்தில் "பத்து பில்லியன்" கிருமி எண்டு பெரிசாப் போட்டிருக்கு. அதை விடு. பின்பக்கம் கிருமியின் முழுப்பெயரும், அதுக்குப் பின்னால எழுத்தும் இலக்கமும் இருக்குதா? வெறும் "லாக்டிஸ்" எண்டு கிருமியின் இனப்பெயர் மட்டும் இருந்தால் வீட்டு இலக்கம் இல்லாத விலாசம் மாதிரி. அந்த எண்ணிக்கை தயாரிச்ச நாளுக்கா, காலாவதி நாள் வரைக்குமா எண்டும் பார். லாக்டிஸில எச்என்019 எண்ட வகையை மலச்சிக்கலுக்குப் பெரிசாச் சொன்னவை. 2024 இல் வெளிவந்த சீன ஆய்வில் அது மருந்தில்லாத வெறும் குளிசையை வெல்லேல்லை.

வாங்கினால் ஒரு வகையை மட்டும் நாலு கிழமை எடு. முதல் சில நாள் வயிறு ஊதலாம். மாற்றம் இல்லையெண்டால் நிப்பாட்டு. என்னைக் கேட்டால் இசப்கோல் உமித் தூள்தான். ஒரு தேக்கரண்டி, பெரிய கிளாஸ் தண்ணியில கலக்கி உடனே குடி, வைச்சால் களியாகும். பிறகு இன்னொரு கிளாஸ் தண்ணி. தண்ணி குறைஞ்சால் அதுவே அடைக்கும். படுக்கப்போகேக்க வேண்டாம்.

உத்தியோகம் உயர்ந்ததை மாமி தெரு முழுக்கச் சொல்லித் திரியிறா. ஆனால் வீடியோவில உன்ர மேசைத் தண்ணிப் போத்தல் காலையிலும் நிறைய, பின்னேரமும் நிறைய. தண்ணி குடி பிள்ளை.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானா அசையும். அந்த நேரம் போனைத் தொடாமல் போய் இரு. காலுக்கடியில சின்ன ஸ்டூல் வை, முழங்கால் இடுப்பைவிட உயரட்டும். வந்ததை அடக்காதே, அடக்கினால் குடல் இன்னும் தண்ணியை உறிஞ்சும், போகப்போக உணர்வே மங்கும். அடக்கப் பழக்கினது நான்தான். வான் வந்திட்டுது, பள்ளிக்கூடத்தில போ எண்டு தள்ளிவிட்டன். அங்க கக்கூஸ் கதவுக்குக் கொக்கி இல்லையெண்டு நீ சொன்னதும் எனக்குக் கேட்டது.

இரும்புக் குளிசையும் இறுக்கும். ஆனால் அதை ஏன் தந்தவை எண்டு நீ சொல்லேல்லை. கழுத்தெலும்பும் தெரியுது. தண்ணி குடி.

அப்பாவுக்கும் முதலில வாயுக் குளிசைதான் குடுத்தவை. குடல் புற்றுநோய் எண்டு தெரியேக்க அவருக்கு 46. பிள்ளையளுக்கு அந்த வயசுக்குப் பத்து வருசம் முந்தியே கொலனோஸ்கோபி, குடலுக்குள்ள கமெரா விட்டுப் பாக்கிற சோதனை, செய்யச் சொல்லுவினம். வாற ஆவணியில உனக்கு 36.

இரத்தம் போகுதா, இல்லையா? அதை மட்டும் எழுது. போனில சொல்ல வேண்டாம்.

அம்மா