கால் உளைச்சலா, இரத்தக் கட்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கருத்தடை மாத்திரை குடித்தால் இரத்தம் கட்டிவிடும் என்று உங்கள் சுகாதாரப் பக்கத்தில் வந்த குறிப்பு பொய்யில்லை. ஆனால் எத்தனை பேருக்கு, எப்போது, எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் அது சொல்லவில்லை.

மாத்திரை எடுக்காத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 பேருக்குக் காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி வரும். லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களில் அது 5 முதல் 7 பேர். நம் கிளினிக்குகளில் தெரிந்த மித்துரி மாத்திரை இந்த வகைதான். டெசோஜெஸ்ட்ரல், ட்ரோஸ்பைரினோன் என்ற வேறு ஹோர்மோன்கள் சேர்ந்தவற்றில் 9 முதல் 12 பேர். கர்ப்பத்திலும், அதைவிடப் பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரத்திலும் ஆபத்து இன்னும் கூடுதல். பயந்துபோய் அட்டையைப் பாதியில் வீசிவிட்டுக் கர்ப்பமானால் என்ன இலாபம்?

காரணம் மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன். இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை ஈரல் கூடுதலாகச் சுரக்கும்படி அது செய்கிறது. உறைவதைத் தடுக்கும் புரோட்டீன் எஸ், ஆன்டித்ரொம்பின் இரண்டும் குறைகின்றன. 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரஜன் 150 மைக்ரோகிராம், மித்துரியில் 30தான். நிறுத்திய சில வாரங்களில் இரத்தம் பழைய நிலைக்கு வந்துவிடும். போன வருடம் விட்டவர் இன்று பயப்பட வேண்டியதில்லை.

ஆபத்து கூடுதல் தொடங்கிய முதல் மாதங்களில்தான். நாலு வாரத்துக்கு மேல் விட்டுத் திரும்பத் தொடங்கினாலும் அந்த ஆபத்து முதலிலிருந்து வரும். கொழும்பில் கடை வேலை செய்யும் கணவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது மட்டும் மனைவி மாத்திரை எடுப்பது தேயிலைத் தோட்டங்களில் சாதாரணம். மாதவிடாயின் முதல் 5 நாளுக்குள் தொடங்காவிட்டால் 7 நாள் தொடர்ந்து குடிக்கும்வரை கர்ப்பத்திலிருந்து பாதுகாப்பும் கிடையாது. ஆக இரண்டு பக்கமும் நட்டம்.

இங்கே இந்த நோய் ஒளிந்துகொள்ளும் இடம் கால் உளைச்சல். மலையேறிக் கொழுந்து எடுத்த வலி இரண்டு காலிலும் இருக்கும், இரவு படுத்தால் தணியும். கட்டி பெரும்பாலும் ஒரு காலில்தான். கெண்டைக்கால் வீங்கும், சூடாக இருக்கும், அமுக்கினால் வலிக்கும், நிறம் மாறும். முழங்காலுக்குக் கீழே முன்னால் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீற்றர் கீழே, தையல் நாடாவால் இரண்டு காலையும் சுற்றி அளந்து பாருங்கள். 3 சென்டிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை தோட்ட டிஸ்பென்சரி திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. வித்தியாசம் குறைவு என்பதற்காகக் கட்டி இல்லை என்றும் ஆகாது. வலியும் வீக்கமும் இருந்தால் போகத்தான் வேண்டும். தைலம் போட்டு நீவவே கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, சளியில் இரத்தம், மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 ஆம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். டாக்டரிடம் முதலில் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். “என்ன மருந்து எடுக்கிறீர்கள்?” என்று கேட்டால் பலர் கருத்தடை மாத்திரையை மருந்தாகவே எண்ணிச் சொல்வதில்லை.

இன்னொன்றை யாரும் எழுதுவதில்லை. தேர்த் திருவிழாவுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட பார்மசியில் வாங்கும் நோர்எதிஸ்டெரோன், 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று. இதில் ஒரு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரஜனாக மாறுகிறது. அதை விழுங்கிவிட்டுக் கதிர்காமத்துக்குப் பல மணிநேரம் பஸ்ஸில் கால் மடக்கி இருப்பது, முன்பு கட்டி வந்தவருக்கு நல்லதல்ல.

முன்பு கட்டி வந்தவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள், கண்ணில் மின்னல் வெட்டிவிட்டு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரஜன் மாத்திரையைத் தொடவே வேண்டாம். தாய்க்கோ சகோதரிக்கோ 45 வயதுக்குள் கட்டி வந்திருந்தாலும், பிரஷர் 140/90க்கு மேல் இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பெரிய ஒப்பரேஷனுக்கு 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அந்த இடைவெளிக்கு வேறு முறையை மிட்வைஃபிடம் கேளுங்கள். கருப்பையில் வைக்கும் செம்பு லூப்பில் ஹோர்மோனே இல்லை. கையில் வைக்கும் ஜடெல் குச்சிகளில் ஈஸ்ட்ரஜன் இல்லை, 5 வருடம் வேலை செய்யும்.

ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவ மாது,
ஹட்டன்.