எங்கள் நகர் வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கு

அன்புள்ள அட்மின்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை மதியம் நம் குழுவில் ஒரு படம் வந்தது. தோளில் போர்வை மூட்டையோடு ஒருவர் கேட் பக்கத்தில் நிற்கிறார். மாடியிலிருந்து, அவருக்குத் தெரியாமல் எடுத்த படம். ஓரத்தில் கொடியில் காயும் துணிகூடத் தெரிகிறது. கீழே, "உஷார் மக்களே! பிள்ளை பிடிக்கிற கும்பல் நம்ம ஏரியாவுல சுத்துது. உண்மையான்னு தெரியல, எதுக்கும் இருக்கட்டும்." சாயங்காலத்துக்குள் நான் இருக்கும் வேறு இரண்டு குழுக்களிலும் அதே படம்.

அவரை எனக்குத் தெரியும். மூன்று வருடமாக மார்கழி நெருங்கும்போது போர்வை விற்க வருகிறவர். "அக்கா, ரெண்டு எடுத்தா கம்மி பண்ணித் தரேன்" என்கிற அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார். அன்று இரண்டாவது தெரு முனையில் நம் பையன்கள் நாலு பேர் அவரை மறித்து நிறுத்தியிருந்தார்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. நான் போய்ச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். அதற்கப்புறம் அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

எனக்குத் திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூர்தான் ஞாபகம் வந்தது. 2018 மே 9. சென்னையிலிருந்து போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம், வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கும்பல் திரண்டு அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். குலதெய்வத்தைக் கும்பிட வந்தவர்! அப்போது கைபேசிகளில் ஓடிய எச்சரிக்கைகளையும் யாரோ 'எதுக்கும் இருக்கட்டும்' என்றுதான் அனுப்பியிருப்பார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் பரவிய, பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிப் போகிற வீடியோ கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி விடுகிற காட்சியை வெட்டிவிட்டுச் சுற்றவிட்டார்கள்.

பிறகு வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு ஃபார்வர்டை ஒரு சமயத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று வரம்பு வைத்தது. பல கை மாறி வந்ததை ஒரு சமயத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது. நல்லதுதான். ஆனால் வியாழக்கிழமைப் படத்தில், பல கை மாறி வந்ததைக் காட்டும் இரட்டை அம்புக்குறி ஏதும் இல்லை. எங்கிருந்தோ வந்ததல்ல அது, நம்மில் ஒருவர் எடுத்துப் போட்டது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பீகாரில் சுற்றியபோது இதே குழுவில் எத்தனை பேர் கொதித்தோம்! "விசாரிக்காமல் எப்படிப் பரப்பலாம்?" என்று அன்று கேட்ட கேள்வியை இன்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 'வந்ததைத்தான் அனுப்பினேன்' என்ற சமாதானம் நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. ஒரு முகநூல் ஃபார்வர்ட் வழக்கில் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

குழுவில் யார் போட்டதையும் எல்லோருக்கும் சேர்த்து நீக்கும் வசதி அட்மினுக்கு இருக்கிறது. ஆனால் ஓசைப்படாமல் நீக்கினால் போதாது. படத்தைப் பார்த்தவர்கள் மனதில் அது அப்படியே இருக்கும். போட்டவர் பெரியவர், குழுவில் வைத்துக் கேட்டால் சங்கடப்படுவார் என்று தயங்குகிறீர்கள், புரிகிறது. அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆனால் மறுப்பை அவரே, இதே குழுவில், தன் பெயரில் போடட்டும். எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினாரோ அங்கேயும் போடட்டும்.

இதை எழுதும்போதும் படம் குழுவில் அப்படியேதான் இருக்கிறது. இன்றிரவே எடுத்துவிடுங்கள். அந்த நாலு பையன்களின் வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது தெருவிலிருந்து உங்கள் குழு உறுப்பினர்